ராத்திரி ஓடும் ஆக்ஸஸ் ஜாப் அடிக்கடி நின்றுபோகிறதா? எங்கிருந்து தேடுவது?

பெங்களூரில் பீன்யா, பொம்மசந்திரா, ஜிகணி பக்கம் பட்டறைகளிலும் சின்னத் தொழிற்சாலைகளிலும் வேலை பார்க்கும் நம் ஆட்களுக்கு இது பழகிய கதை. ஸ்டோர்ஸிலோ அக்கவுண்ட்ஸிலோ சேர்கிறீர்கள். அங்கே உங்களுக்கு முன் இருந்தவர் மைக்ரோசாஃப்ட் ஆக்ஸஸில் ஒரு டேட்டாபேஸ் செய்து, அது தினமும் ராத்திரி இரண்டு மணிக்குத் தானாக ஓடி, அன்றைய உற்பத்தி விவரத்தை உள்ளே இழுத்து, இருப்புக் கணக்கைச் சரிசெய்து, காலை ஷிப்டுக்கு முன் ரிப்போர்ட்டை ஒரு போல்டரில் போட்டுவைக்கிற மாதிரி அமைத்துவிட்டு, வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். இப்போது அது உங்கள் பொறுப்பு. வாரத்தில் ஒன்றிரண்டு நாள் காலையில் ரிப்போர்ட் இருப்பதில்லை. கையால் ஓட்டினால் ஓடிவிடுகிறது, அதனால் யாரும் ஆழமாகப் பார்ப்பதில்லை, அடுத்த வாரம் மறுபடி அதே.

புரோகிராமிங் தெரியாதவர்களும் இதைக் கண்டுபிடிக்க முடியும். திரும்பத் திரும்ப வரும் கோளாறு ஒவ்வொரு தடவையும் தன் அடையாளத்தை விட்டுவிட்டுத்தான் போகும். நாம் ரீஸ்டார்ட் செய்து அதை அழித்துவிடுகிறோம். எனவே முதலில் கேட்க வேண்டியது எந்த இடத்தில் நின்றது என்பதைத்தான். ஏன் நின்றது என்பது அதற்கப்புறம். இடம் தெரியாமல் காரணம் தேடினால் ஆபிஸை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவது, எஸ்.பி. ரோடு போய் ரேம் வாங்கி வந்து போடுவது என்று காசும் நேரமும் போகும், ஜாப் மட்டும் அப்படியே நிற்கும்.

ஜாப் என்று சொல்கிறோமே, அது ஒரே பொருள் கிடையாது. விண்டோஸில் உள்ள டாஸ்க் ஷெட்யூலர் குறித்த நேரத்தில் எழுந்து ஆக்ஸஸைத் திறக்கிறது, ஆக்ஸஸ் உங்கள் டேட்டாபேஸ் பைலைத் திறக்கிறது, அதற்குள் ஒரு மேக்ரோ (கட்டளைத் தொகுப்பு) தானாகத் தொடங்கி, விபிஏ என்ற மொழியில் எழுதிய கோடை (புரோகிராம் வரிகளை) கூப்பிடுகிறது, அந்தக் கோடு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த டெக்ஸ்ட் பைல்) அல்லது எக்ஸெல் பைலை இழுத்துக் குவரிகளை (டேபிளில் உள்ள டேட்டாவைத் தேடவோ மாற்றவோ சொல்லும் கட்டளைகளை) ஓட்டி ரிப்போர்ட்டை எழுதுகிறது, கடைசியில் ஆக்ஸஸ் தன்னைத்தானே மூடிக்கொள்கிறது. இதில் எந்தக் கண்ணி அறுந்தாலும் காலையில் உங்களுக்குத் தெரிவது ஒன்றுதான்: ரிப்போர்ட் இல்லை.

அதனால் "கிராஷ் ஆகிவிட்டது" என்று சொல்வதற்கு முன் எந்த வகை என்று பிரித்துப் பாருங்கள். ஜாப் தொடங்கவே இல்லையா? தொடங்கி, நடுவில் ஒரு மெசேஜ் பெட்டியைக் காட்டிவிட்டு யாராவது ஓகே அழுத்துவார்களா என்று காத்திருக்கிறதா? ஆக்ஸஸே பட்டென்று மூடிப்போனதா? இல்லை, கடைசிவரை ஓடியும் ரிப்போர்ட் காலியாக வந்ததா? நான்கும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. நான் பார்த்தவரையில் கிராஷ் என்று சொல்லிக் காட்டப்படுவதில் நிறைய இரண்டாவது வகைதான். காத்திருப்பது கிராஷ் கிடையாது, ஆனால் யாரும் இல்லாத ஆபிஸில் ராத்திரி இரண்டு மணிக்கு அது கிராஷைவிட மோசம், ஏன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

முதல் நிறுத்தம் டாஸ்க் ஷெட்யூலர். அதில் உங்கள் ஜாபுக்கு நேரே கடைசியாக ஓடிய நேரமும், கடைசி முடிவு என்று ஒரு எண்ணும் இருக்கும். முடிவு பூஜ்யம் என்றால் எல்லாம் நன்றாக நடந்தது என்று நினைத்துவிட வேண்டாம். ஆக்ஸஸ் ஒழுங்காக மூடியது என்பதற்குத்தான் அந்தப் பூஜ்யம். உள்ளே ஒரு குவரி தோற்றுப்போயிருந்தால்கூடப் பூஜ்யம் வரும். ஹிஸ்டரி பகுதி பல கணினிகளில் அணைந்தே கிடக்கும், அதை இன்றைக்கே இயக்கிவையுங்கள், நாளை வேண்டியிருக்கும்.

அடுத்தது ஈவென்ட் வியூவர். ஸ்டார்ட் மெனுவில் தேடினால் கிடைக்கும். விண்டோஸ் லாக்ஸ் என்பதற்குக் கீழே அப்ளிகேஷன் என்று ஒரு பிரிவு உண்டு, ஜாப் ஓடும் நேரத்தை ஒட்டி அங்கே சிவப்புக் குறியோடு ஏதாவது இருக்கிறதா பாருங்கள். 1000 என்ற எண்ணோடு ஆக்ஸஸின் பெயர் இருந்தால் அது அசல் கிராஷ். 1002 என்றால் பதில் சொல்லாமல் உறைந்துபோயிருந்தது என்று பொருள். இரண்டுமே இல்லையா, அப்படியானால் பக்கத்தில் உள்ள சிஸ்டம் பிரிவைப் பாருங்கள்: 41 என்ற எண் இருந்தால் கணினியே முறையாக அணையாமல் மறுபடி எழுந்திருக்கிறது, பெரும்பாலும் கரண்ட் போய் வந்திருக்கும் அல்லது யுபிஎஸ் பேட்டரி செத்திருக்கும், 1074 இருந்தால் யாரோ அல்லது ஏதோ ஒரு புரோகிராம் கணினியை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லியிருக்கிறது, அந்த வரியிலேயே யார் என்றும் இருக்கும். விண்டோஸ் அப்டேட் ராத்திரியில் செய்கிற வேலை இது. இப்படி ஒரு வரி கிடைத்துவிட்டால் உங்கள் டேட்டாபேஸ் மேல் பழியே இல்லை, கரண்ட், யுபிஎஸ் பக்கத்தைச் சரிசெய்தாலோ, அப்டேட் என்றால் ஜாப் நேரத்தை மாற்றினாலோ போதும்.

1000 எண் கிடைத்தால் அதைத் திறந்து பொறுமையாகப் படியுங்கள். எந்த புரோகிராம் விழுந்தது, எந்த மாட்யூலில் (புரோகிராம் பயன்படுத்தும் துண்டு பைலில்) விழுந்தது, என்ன எக்செப்ஷன் எண் (பிழை வகையின் எண்) என்று மூன்றும் தனித்தனி வரியில் இருக்கும். எக்செப்ஷன் எண் பெரும்பாலும் சி என்ற எழுத்தும் ஆறு பூஜ்யமும் ஐந்துமாக முடியும். தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தைத் தொட்டுவிட்டது என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லாது. பயன் தருவது மாட்யூல் பெயர்தான். ஏசிஇ என்று தொடங்கினால் டேட்டா இன்ஜின், அதாவது டேபிள், குவரி, பைல் பக்கம் தேடுங்கள். விபிஇ7 என்றால் கோடு பக்கம். பிரிண்டர் கம்பெனியின் பெயர் தெரிந்தால் பிரிண்டர் டிரைவர்; ஆக்ஸஸ் ரிப்போர்ட்டைப் பிடிஎஃப் ஆக எழுதும்போதுகூடப் பக்க அமைப்புக்கு டீபால்ட் பிரிண்டரைக் கேட்டுப் பார்க்கும் என்பது பலருக்குத் தெரியாது. விண்டோஸின் சொந்த மாட்யூலான என்டிடிஎல்எல் என்று வந்தால் மட்டும் அவசரப்பட்டு விண்டோஸைக் குறைசொல்ல வேண்டாம், வேறு யாரோ முன்பே கெடுத்துவைத்த நினைவகம் அங்கே வந்து வெடித்திருக்கலாம். ஒரு தடவை பார்த்து முடிவுக்கு வராதீர்கள், அடுத்தடுத்த கிராஷ்களில் அதே மாட்யூல் வருகிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரே பெயர் வந்தால் வழி திறந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் வேறு பெயர் என்றால் ரேம், ஹார்ட்டிஸ்க் பக்கமும் சந்தேகம் போகலாம், அதற்கு முன்னால் போகக் கூடாது.

இதெல்லாம் வெளியிலிருந்து பார்ப்பது. உள்ளே எந்த இடத்தில் நின்றது என்று தெரிய ஜாபே எழுதிவைக்க வேண்டும். ஒரு சாதாரண டெக்ஸ்ட் பைலில், ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு வரி, பின்னால் ஒரு வரி. உங்கள் ஜாபில் இது இல்லையென்றால் மற்ற எதையும் தொடும் முன் இதைச் சேர்த்துவிடுங்கள். கோடு எழுதத் தெரிந்த ஒரு தம்பியைப் பிடித்தால் அரை நாள் வேலைகூட இல்லை. இப்படி இருக்கும்:

02.00.01 ஜாப் தொடக்கம், பைல் அளவு 1,640 எம்பி
02.00.03 உற்பத்தி சிஎஸ்வி இழுப்பு தொடக்கம்
02.00.41 உற்பத்தி சிஎஸ்வி இழுப்பு முடிவு, 3,812 வரிகள்
02.00.41 இருப்பு அப்டேட் தொடக்கம்

அவ்வளவுதான், அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இந்த நான்கு வரி என்ன சொல்கிறது பாருங்கள்: டாஸ்க் ஷெட்யூலர் சரி, பைல் திறந்தது சரி, நெட்வொர்க்கில் இருந்து சிஎஸ்வி வந்ததும் சரி. இருப்பு அப்டேட் குவரிக்குள் போனது திரும்பவில்லை. தேட வேண்டிய இடம் முழு ஜாபிலிருந்து ஒரே குவரியாகச் சுருங்கிவிட்டது. இதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வரியையும் எழுதியவுடன் அந்த டெக்ஸ்ட் பைலை மூடிவிட வேண்டும், அடுத்த வரிக்கு மறுபடி திறக்க வேண்டும். திறந்தே வைத்திருந்தால் கடைசிச் சில வரிகள் டிஸ்க்குக்குப் போகாமல் நினைவகத்திலேயே இருக்கும், கிராஷில் அவையும் சேர்ந்து போய்விடும், நீங்கள் தவறான குவரியை நாள்கணக்கில் முறைத்துக்கொண்டிருப்பீர்கள். லாக் பைல், அதாவது இந்த டெக்ஸ்ட் பைல், டேட்டாபேஸுக்கு வெளியே, அதே கணினியின் சொந்த டிஸ்க்கில் இருக்கட்டும்.

சில வாரம் லாக் சேர்ந்ததும் தேதிகளைப் பாருங்கள். எந்த நாளில் நிற்கிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். மாதக் கடைசியில் மட்டும் நின்றால் அன்று டேட்டா அதிகம். ஆயுத பூஜைக்கு மறுநாளோ, பட்டறை மூடியிருந்த வேறு நாளிலோ நின்றால் அன்று சிஎஸ்வி பைல் காலியாக வந்திருக்கும் அல்லது வந்தே இருக்காது, கோடு அதை எதிர்பார்க்கவில்லை. மாதத்தின் 1 முதல் 12 தேதி வரை ரிப்போர்ட் தப்பாக வந்து 13க்குப் பிறகு சரியாகிவிட்டால் தேதியும் மாதமும் இடம் மாறுகின்றன: கோடு குவரிக்குள் எழுதும் தேதியை ஆக்ஸஸ் அமெரிக்க முறையில் மாதம் முதலில் என்று படிக்கும், 13வது மாதம் இல்லாததால் அதற்குமேல் தானே திருத்திக்கொள்ளும். இது கிராஷைவிட ஆபத்து, ஏனென்றால் யாருக்கும் சத்தமே கேட்காது.

தேதிக்குச் சம்பந்தமில்லாமல், நாளாக ஆக மோசமாகிறது என்றால் பைல் அளவைப் பாருங்கள். ஆக்ஸஸ் பைல் ஒன்று 2 ஜிபிக்கு மேல் வளர முடியாது, பழைய வகை பைலானாலும் 2007 பதிப்போடு வந்த புதிய வகையானாலும் அதே வரம்புதான். டேபிளிலிருந்து ரெக்கார்டுகளை அழித்தால் பைல் சின்னதாகிவிடும் என்று நினைக்கிறோம், ஆகாது. அடித்துவிட்ட பக்கத்தைக் கிழிக்காமலே வைத்திருக்கும் நோட்டு மாதிரி, அழித்த இடம் உள்ளேயே கிடக்கும். தினமும் ஒரு தற்காலிக டேபிளை நிரப்பி அழிக்கிற ஜாப் இப்படித்தான் பைலை ஊதவைக்கிறது. மேலே லாக்கில் 1,640 எம்பி என்று முதல் வரியிலேயே எழுதியது இதற்காகத்தான். வரம்பைத் தொடும்போது "பைல் நிறைந்துவிட்டது" என்று நேராகச் சொல்லும் என்று எதிர்பார்க்காதீர்கள், சில சமயம் 'இன்வேலிட் ஆர்கியுமென்ட்' என்று சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லும். தீர்வு காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்; அது பைலை ஒரு புதிய நகலாக எழுதி, வீண் இடத்தை விட்டுவிடுகிறது. முதலில் காப்பி எடுத்துவிட்டுத்தான் செய்ய வேண்டும், யாரும் பைலைத் திறந்திருக்கக் கூடாது. நிரந்தர வழி, தற்காலிக டேபிள்களைத் தனி பைலில் வைத்து, தினமும் அந்தப் பைலையே தூக்கிப்போட்டுப் புதிதாகத் தொடங்குவது.

மாதக் கடைசிக் கோளாறுக்கு இன்னொரு காரணமும் அடிக்கடி கிடைக்கும். ஒரே குவரி ஆயிரக்கணக்கான ரெக்கார்டுகளை மாற்றும்போது வேறு யாரும் அதே நேரத்தில் மாற்றாதபடி ஆக்ஸஸ் பூட்டுப் போட்டுக்கொண்டே போகிறது, ஒரு பைலுக்கு இத்தனைதான் என்று அதற்குக் கணக்கு உண்டு. சாதாரணமாக அது 9,500. தாண்டினால் 3052 என்ற பிழை. மாதம் முழுக்க ஓடிய குவரி முப்பதாம் தேதி மட்டும் விழுவதற்கு இது போதும். அந்த எண்ணைக் கூட்டலாம், ஆனால் குவரியைச் சின்னச் சின்னத் தொகுதியாகப் பிரிப்பதைத்தான் நான் சொல்வேன்.

இனி நெட்வொர்க். இங்கே ஒரு அடிப்படைக் கருத்தைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். டேட்டாபேஸ் பைல் சர்வர் கணினியில் இருப்பதால் சர்வர்தான் வேலை செய்கிறது என்று தோன்றும். ஆக்ஸஸில் அப்படி இல்லை. வேலை முழுக்க ஜாப் ஓடும் கணினியில் நடக்கிறது. சர்வர் பைலின் துண்டுகளை, ஒரு பக்கம் 4 கேபி என்ற கணக்கில், கொடுத்து வாங்குகிறது, அவ்வளவுதான். எழுதிக்கொண்டிருக்கும்போது வைஃபை ஒரு நொடி விட்டுப்போனால் பாதி பக்கங்கள் எழுதப்பட்டு மீதி எழுதப்படாமல் நிற்கலாம், பைல் கெட்டுவிடலாம். அடுத்த நாள் 'பைலின் வடிவம் தெரியவில்லை' என்ற பொருளில் பிழை வரும், நாம் அன்றைய வேலையைச் சந்தேகிப்போம், குற்றம் முந்தைய ராத்திரி நடந்தது. எனவே ஜாப் ஓடும் கணினிக்குக் கேபிள் இழுத்துவிடுங்கள், வைஃபை வேண்டாம். ஒன்டிரைவ், டிராப்பாக்ஸ் மாதிரி தானாக ஒத்திசைக்கும் போல்டரில் ஆக்ஸஸ் பைலை வைக்கவே கூடாது. திறந்திருக்கும் பைலை அவை பின்னாலிருந்து காப்பியடிக்கப் பார்க்கும்.

'கையால் ஓட்டினால் ஓடுகிறது, தானாக ஓடினால் நிற்கிறது' என்பது தனி வகை, இதற்குக் காரணம் பெரும்பாலும் டேட்டாவில் இருக்காது. நீங்கள் ஓட்டும்போது உங்கள் பெயரில் லாகின், உங்கள் இசட் டிரைவ் (சர்வர் போல்டருக்கு உங்கள் கணினியில் வைத்த சுருக்கப் பெயர்), உங்கள் பிரிண்டர், உங்கள் தேதி அமைப்பு. யாரும் லாகின் செய்யாவிட்டாலும் ஓட்டு என்று டாஸ்க் ஷெட்யூலரில் குறித்திருந்தால் ஜாப் திரையே இல்லாத ஒரு தனி அறையில் ஓடுகிறது. அங்கே இசட் டிரைவ் கிடையாது. சர்வர் பெயரோடு தொடங்கும் முழுப் பாதையைக் கொடுக்க வேண்டும். அங்கே மெசேஜ் பெட்டி வந்தாலும் யார் கண்ணுக்கும் தெரியாது, ஆக்ஸஸ் காத்துக்கொண்டே இருக்கும். ஆபிஸ் புரோகிராம்களை இப்படி ஆளில்லாமல் ஓட்டுவதை மைக்ரோசாஃப்டே பரிந்துரைப்பதில்லை. ஆகவே ஒரு கணினியை இதற்கென ஒதுக்கி, லாகின் செய்து, திரையைப் பூட்டிவைத்து, லாகின் செய்திருந்தால் மட்டும் ஓட்டு என்று அமைப்பது நல்லது. இன்னொன்று, ஜாப் கணினியில் முழு ஆக்ஸஸுக்குப் பதில் இலவச ஆக்ஸஸ் ரன்டைம் (டேட்டாபேஸை ஓட்ட மட்டும் உதவும் வகை) இருந்தால், கோடு கவனிக்காமல் விட்ட எந்தச் சின்னப் பிழைக்கும் அது முழுவதையும் மூடிவிடும். உங்கள் மேஜையில் வெறும் பிழைச்செய்தியாக வந்தது அங்கே கிராஷ் மாதிரித் தெரியும்.

காத்திருப்பது கிராஷைவிட மோசம் என்றேனே, அதற்கு வருகிறேன். திங்கட்கிழமை ராத்திரி ஆக்ஸஸ் ஒரு மெசேஜ் பெட்டியோடு உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டாஸ்க் ஷெட்யூலரின் வழக்கமான அமைப்பு, பழையது ஓடிக்கொண்டிருந்தால் புதியதைத் தொடங்காதே என்பது. பழையதை எப்போது நிறுத்துவது? அதற்கு வழக்கமான அளவு மூன்று நாள். அதாவது திங்கள் நின்றது செவ்வாயையும் புதனையும் சேர்த்து விழுங்கும், நீங்கள் மூன்று கிராஷ் என்று எண்ணுவீர்கள், நடந்தது ஒன்றே ஒன்று. கூடவே அந்த ஆவி ஆக்ஸஸ் டேட்டாபேஸைத் திறந்தே வைத்திருப்பதால் பக்கத்தில் பூட்டு பைல் ஒன்று, டேட்டாபேஸின் அதே பெயரில், எல் என்ற எழுத்து கூடிய பின்னொட்டோடு, போகாமல் நிற்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஆக்ஸஸோ எக்ஸெலோ யாரும் திறக்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் முடித்துவிட்டு, அந்த மூன்று நாளை ஒரு மணி நேரமாகக் குறையுங்கள். ஜாப் கோடில் மெசேஜ் பெட்டி எங்கிருந்தாலும் எடுத்துவிட்டு, அதே வாசகத்தை லாக்கில் எழுதச் சொல்லுங்கள்.

பைலே லேசாகக் கெட்டிருக்கும் என்று தோன்றினால் புதிதாக ஒரு காலி டேட்டாபேஸ் தொடங்கி, டேபிள், குவரி, பார்ம், கோடு எல்லாவற்றையும் அதற்குள் இம்போர்ட் செய்யுங்கள். பல வருடப் பழைய பைல்களுக்கு இது ஆச்சரியமாக வேலை செய்கிறது.

கிராஷுக்குப் பிறகு காலையில் அவசரமாக மறுபடி ஓட்டுகிறோமே, அதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உண்மையான நஷ்டம் அங்கேதான் நடக்கிறது. மேலே காட்டிய லாக்கில் 3,812 வரிகள் ஏற்கெனவே உள்ளே வந்துவிட்டன. மறுபடி முதலிலிருந்து ஓட்டினால் அதே 3,812 வரிகள் இரண்டாவது தடவை வரும், இருப்பு இரட்டிப்பாகும். ஸ்டோர்ஸில் இருக்கும் அக்கா கணினியை நம்பி "சரக்கு இருக்கு" என்று சொல்வார், ரேக்கில் போய்ப் பார்த்தால் இருக்காது. அவர்மேல்தான் பேச்சு விழும். ஜாப் எத்தனை தடவை ஓடினாலும் ஒரு தடவை ஓடியதன் பலன்தான் வர வேண்டும். அதற்கு சிஎஸ்வியை நேராக அசல் டேபிளில் கொட்டாமல் தற்காலிக டேபிளில் போட்டு, வரி எண்ணிக்கை சரியா, தேதி நேற்றையதா, இதே தேதி ஏற்கெனவே உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் ஒரே டிரான்ஸாக்‌ஷனாக அசலுக்கு மாற்ற வேண்டும். டிரான்ஸாக்‌ஷன் என்றால் முழுவதும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது. தோற்றால் தானாக மறுபடி ஓட்டு என்று டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வசதி இருக்கிறது, இந்தப் பாதுகாப்பைச் செய்யும்வரை அதைத் தொடாதீர்கள்.

இத்தனைக்கும் பிறகு பிடிபடாவிட்டால் விவரம் தெரிந்த ஒருவரிடம் போகத்தான் வேண்டும். போகும்போது "அண்ணா, அடிக்கடி நின்னுடுது" என்று மட்டும் சொன்னால் அவரும் ரீஸ்டார்ட் செய்யத்தான் சொல்வார். நின்ற நாட்களின் லாக்கில் கடைசிப் பத்து வரி, நன்றாக ஓடிய ஒரு நாளின் முழு லாக், ஈவென்ட் வியூவரின் 1000 எண் பதிவு, பைல் அளவு, ஆக்ஸஸ் எந்தப் பதிப்பு, 32 பிட்டா 64 பிட்டா, பைல் இருப்பது அதே கணினியிலா சர்வரிலா, இத்தனையும் ஒரே போல்டரில் போட்டு எடுத்துப் போங்கள். கெட்ட பைலின் காப்பி ஒன்றையும், ரிப்பேர் செய்வதற்கு முன்பே எடுத்ததாக, தனியாக வைத்திருங்கள்.